தலை உட்கார்ந்ததா?

பழைய இரும்புக் கப்பலைக் கரையில் நின்று பார்ப்பவர்கள் அதன் உடம்பில் வரிசை வரிசையாகத் தெரியும் வட்டங்களைக் காட்டி, “எத்தனை ரிவிட் தலை பாருங்கள்” என்பார்கள். அந்த வட்டங்கள் பெரும்பாலும் தலைகளே இல்லை. தலை தகட்டுக்கு உள்பக்கம், சரக்கறையின் இருட்டில் இருக்கிறது. வெளியே தெரிவது முனை. ரிவிட் என்பது ஆலையிலிருந்து வரும்போதே ஒரு தலையோடு வரும். அதைக் காய்ச்சித் துளையில் செருகி, மறுநுனியை அடித்துப் பரத்துவதுதான் கப்பல் பட்டறை வேலை. அடித்தவரின் கைத்திறன் முனையில் தெரியும். கப்பல் ஒழுகுமா, ஒழுகாதா என்பதில் பாதிக்கு மேல் தலைப் பக்கம் நின்று தாங்கிப் பிடித்தவரின் கையில் இருக்கிறது. நான் தலைப் பக்கம் நின்றவன். அதனால்தான் தலையைப் பற்றி எழுதுகிறேன்.

அறுபதுகளில் சிங்கப்பூர் கெப்பல் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, புதிதாகக் கட்டும் கப்பல்களில் வெல்டிங் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் பழுதுபார்க்க வருபவை பழைய கப்பல்கள்தானே. போருக்கு முன் பிரிட்டனில் கட்டிய சரக்குக் கப்பல்கள், மலாயாக் கரையோரம் ஓடிய சிறு நீராவிக் கப்பல்கள் என்று வந்துகொண்டே இருந்தன. 1913இல் திறந்த கிங்ஸ் டாக்கில் அவற்றை நுழைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டால், துரு தின்ற தகடும் தளர்ந்த ரிவிட்டும் எங்கள் கண் முன்னால் நிற்கும். எங்கள் குழுவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் உண்டு. பேச்சு பாதி தமிழ், பாதி சந்தை மலாய். ரிவிட் அடிக்கும் கன் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தப் பேச்சும் கேட்காது. தகட்டில் சுத்தியால் தட்டும் தட்டுதான் அப்புறம் பேச்சு. உள்ளே ரிவிட் ஏறிவிட்டது, அடிக்கலாம் என்பதற்கு ஒரு தட்டு. நிறுத்து, தலை விலகிவிட்டது என்பதற்கு வேறொரு தட்டு.

ஒரு குழுவுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். கோக் கரி உலையில் ரிவிட்டைக் காய்ச்சும் பையன், அதை வாங்கித் துளையில் செருகுகிறவன், உள்ளே தலையைத் தாங்கும் டாலி என்ற கனத்த இரும்பைப் பிடிப்பவர், வெளியே கன் பிடிப்பவர். கன் என்பது அமுக்கிய காற்றில் ஓடும் சுத்தி. அது வருமுன் வெளியே இரண்டு பேர் நின்று மாறி மாறி அடிப்பார்களாம். ஒருவர் வலக்கைக்காரர், மற்றவர் இடக்கைக்காரர். எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, அந்தக் காலத்து ஆள். நாகப்பட்டினத்துக்காரர். சுத்தியால் அடித்துப் பழகிய அவருடைய தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும்.

எல்லாம் உலையில் தொடங்குகிறது. ரிவிட்டின் உடல் நன்றாக வெளிறிய மஞ்சள் கலந்த செம்மைக்கு வர வேண்டும், தலை அதைவிடச் சற்று மங்கிச் சிவந்திருக்க வேண்டும். தலையும் அதே அளவு இளகியிருந்தால், வெளியே அடிக்கும்போது உள்ளே தலை நசுங்கிக் கோணும். எனவே தேர்ந்த பையன் ரிவிட்டைக் கரிக்குள் ஒரேயடியாகப் புதைக்கமாட்டான். நுனி நெருப்பில் ஆழ்ந்தும் தலை ஓரத்திலும் இருக்கும்படி அடுக்குவான். மத்தாப்பு மாதிரிப் பொறி கக்க ஆரம்பித்தால் அது எரிந்துபோன இரும்பு. தூக்கி எறிய வேண்டியதுதான். எரிந்த ரிவிட்டை அடித்தால் அப்போது நன்றாகவே பரவும். பிறகு அது நொறுங்கும். உலைப் பையனுக்குத்தான் குழுவில் கூலி குறைவு. அவன் கண் தவறினால் மற்ற மூன்று பேரின் வேலையும் வீண் என்பதை எல்லோரும் அறிந்திருந்தோம்.

இனித் தலைகள். கப்பலின் வெளித்தகட்டு வேலைக்குப் பெரும்பாலும் பேன் ஹெட்தான். அடி அகன்று, மேலே குறுகி, உச்சி தட்டையாக, கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் இருக்கும். பார்வைக்கு அழகில்லை. ஆனால் டாலி பிடிப்பவனுக்கு இதைவிட நல்ல தலை கிடையாது. உச்சி தட்டை என்பதால் தட்டையான டாலியே போதும். குழிந்த அச்சு எதுவும் வேண்டாம். கோணல்மாணலான இடத்தில் டாலி கொஞ்சம் நகர்ந்தாலும் தலை வழுக்கிக்கொண்டு போகாது. ஓரத்தில் சதை மிகுந்திருப்பதால் பின்னாளில் துரு கொஞ்சம் தின்றாலும் பிடிமானம் போய்விடாது.

பேன் ஹெட்டில் கவனிக்க வேண்டியது தலையைவிடக் கழுத்துதான். தலைக்கு அடியில், உடல் தொடங்கும் இடத்தில், சில ரிவிட்டுகள் சற்றுத் தடித்திருக்கும். காரணம் துளையில் இருக்கிறது. பழைய பட்டறைகளில் தகட்டுக்குத் துளையைத் துரப்பணத்தால் போடவில்லை. பஞ்ச் மெஷினில் ஒரே குத்தாகக் குத்தினார்கள். பஞ்ச் நுழையும் பக்கம் துளை இறுக்கமாகவும், வெளியேறும் பக்கம் கொஞ்சம் அகன்றும் இருக்கும். அதனால் இரண்டு தகடுகளையும் அவை ஒன்றோடொன்று ஒட்டப்போகும் முகத்திலிருந்தே குத்துவார்கள். பொருத்தி வைத்தால் இரு துளைகளின் குறுகிய வாய்களும் நடுவில் சேரும். அங்கிருந்து இரு பக்கமும் துளை விரியும். உள்பக்க விரிவை ரிவிட்டின் தடித்த கழுத்து அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்க விரிவை அடித்துப் பரத்திய முனை அடைத்துக்கொள்ளும். ரிவிட் ஆறும்போது நீளத்தில் சுருங்கும் அல்லவா? இரண்டு பக்கமும் ஆப்பாக நிற்கும் இரும்பு தகடுகளை நடுவை நோக்கி இழுத்துக் கட்டிவிடும். இதை யார் முதலில் யோசித்தார்களோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். மெஷின் போட்ட துளையில் இருந்த குறையையே வலுவாக மாற்றியிருக்கிறார்.

பழுதுபார்க்கும் இடத்தில் இதுவே ஆபத்தாகவும் முடியும். நாங்கள் புதுத் தகட்டில் துளையைத் துரப்பணத்தால் போடுவோம். அந்தத் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. அதில் கழுத்து தடித்த ரிவிட்டைச் செருகினால் கழுத்து வாயிலேயே சிக்கிக்கொள்ளும். தலைக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். வெளியே முனை பளபளவென்று இருக்கும். வேறொரு பட்டறையில் அப்படி அடித்த ஒரு கப்பல், கொஞ்ச காலத்தில் எங்களிடம் வந்தது. வெளியே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இறங்கி விளக்கைப் பிடித்தால் ஒவ்வொரு தலைக்கும் கீழே செம்பழுப்பாகக் கண்ணீர்க் கோடு. மண்டோர் ஒரு மெல்லிய தகட்டுத் துண்டை எடுத்துத் தலைக்கடியில் நுழைத்தார், தடையின்றிப் போயிற்று.

“தம்பி, வெளியே மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துட்டானுங்க. தலை உட்காரலைடா” என்றார்.

அந்தப் பக்கம் முழுவதையும் வெட்டி எடுத்து, நேர்க்கழுத்து ரிவிட்டாக மாற்றி அடித்தோம். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் அவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி “தலை உட்கார்ந்ததா?” என்பதுதான்.

தலையை உட்காரவைப்பது எப்படி? செருகிய கையோடு டாலியால் தலையை ஓங்கி ஒரு இடி இடிக்க வேண்டும். அதில்தான் தலை தகட்டோடு படியும். பிறகு உடம்பின் கனம் முழுவதையும் டாலியின் மேல் சாய்த்துத் தாங்க வேண்டும். வெளியே கன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் டாலி பின்வாங்கப் பார்க்கும். பின்வாங்கினால் ரிவிட்டின் உடல் துளைக்குள் தடிக்காது. முனை மட்டும் பரவும். துளை ரிவிட்டைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும், காய்ந்து தடித்த ரிவிட் நுழைய வேண்டுமே. அந்த இடைவெளி நிரம்புவது, உள்ளே டாலி அசையாமல் நிற்பதால்தான். திறந்த இடமென்றால் நீண்ட பிடி போட்ட கனத்த சுத்தியால் தாங்கலாம். கூடவே காற்றால் தானே நெட்டித் தாங்கும் கருவியும் உண்டு. அதன் பின்புறம் முட்டுக்கொடுக்க எதிரே ஒரு சட்டம் வேண்டும். இரட்டை அடித்தளத் தொட்டிக்குள் இதெல்லாம் எடுபடாது. மண்டியிட்டுப் போய், சில இடங்களில் மல்லாந்து படுத்து, வளைந்த டாலிக் கம்பியை நெஞ்சோடு அணைத்துத் தாங்கினோம். காய்ந்த ரிவிட்டின் வெக்கை, பெயிண்ட் கருகும் புகை, நான்கு பக்கமும் இரும்பில் மோதித் திரும்பும் சத்தம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் வயதானவர் யாருக்கும் காது முழுதாகக் கேட்டதில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம், அதுதான் பாதுகாப்பு. எனக்கும் இடது காது போய்விட்டது. அதற்கு இழப்பீடு கேட்கலாம் என்றுகூட அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கப்பல்களின் பெருமையை எழுதும் புத்தகங்களில் இந்தச் செலவுக் கணக்கும் எழுதப்பட வேண்டும்.

முனைக்கு வருகிறேன். வெளித்தகட்டில் முனை துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, தண்ணீரை இழுக்கும். அதனால் வெளித்தகட்டின் துளையைக் கவுண்டர்சிங்க் போட்டுப் புனலாக விரித்துவிடுவார்கள். சாதாரண கனமுள்ள தகட்டில் அந்தக் குழிவு ஏறத்தாழத் தகடு முழுவதும் இறங்கும். ரிவிட்டின் நீளத்தைக் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும். இரு தகடுகளின் கனத்துக்கு மேல் சுமார் ஒரு விட்டம் நீண்டிருந்தால் குழிவு நிரம்பும். குறைந்தால் பள்ளம் விழும். மிஞ்சினால் ஓரத்தில் வழியும். வழிந்ததைச் சூடாக இருக்கும்போதே உளியால் சீவி, மறுபடி கன் வைத்துச் சுற்றி அடித்துப் படிய வைப்பார்கள். எங்கள் கன் பிடித்த சீனர் இதில் மன்னர். முனையை அவர் முழுச் சமதளமாக விடமாட்டார். கைக்கு மட்டும் தெரியும் அளவுக்கு நடுவில் ஒரு மேடு விடுவார். அதுதான் சரி. முழுக்கத் தட்டையாகச் சீவினால் தேய்மானத்துக்கு இரும்பு மிச்சமிருக்காது. ஓரமும் சீக்கிரம் திறந்துகொள்ளும்.

ஸ்னாப் ஹெட் என்ற அரை உருண்டைத் தலைதான் படங்களில் எல்லோரும் பார்ப்பது. பாலங்களிலும் கொதிகலன்களிலும் நிறைய. கப்பலில் மேல்தள அறைகள், எஞ்சின் அறைச் சுவர்கள், கண்ணில் படும் இடங்கள் ஆகியவற்றில் போடுவார்கள். அதற்கு முனையிலும் தலையிலும் குழிந்த அச்சு வேண்டும். கன்னின் வாயில் செருகும் அந்த அச்சையும் ஸ்னாப் என்றே சொல்வோம். நீளமும் கூடுதலாக வேண்டும், விட்டத்தில் ஒன்றரை மடங்குக்குப் பக்கம். ஸ்னாப்பைக் கம்பிச்சுருளால் கன்னோடு கட்டாமல் விசையை அழுத்தினால் குண்டாகப் பறந்துவிடும். புதிதாக வருகிற எவனுக்கும் முதல் பாடம் அதுதான். அழகான தலை என்பதைத் தவிர ஸ்னாப் ஹெட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அச்சு கொஞ்சம் சாய்ந்தாலும் தலையைச் சுற்றித் தகட்டில் பிறை வடிவில் வெட்டு விழுந்துவிடும்.

இரண்டு பக்கமும் மட்டமாக வேண்டிய இடங்களுக்குத் தலையே கவுண்டர்சிங்க்காக வரும். மரப்பலகை விரிக்கும் தளத்துக்குக் கீழேயும், மேலே வேறொரு உறுப்பு உட்காரப்போகும் இடத்திலும் அது தேவை. பின்புறத்து வார்ப்புச் சட்டம்போல் மறுபக்கம் கையே எட்டாத இடம் என்றால் அங்கே அடிக்கும் ரிவிட்டே கிடையாது. மரை போட்ட டாப் ரிவிட். அதன் சதுரத் தலையைச் சாவியால் முறுக்கி இறுக்கி, பிறகு தலையை வெட்டியெறிந்து முனையை மட்டமாக்குவார்கள்.

எந்த இடைவெளியில் ரிவிட் அடிப்பது என்பதும் இடத்தைப் பொறுத்ததே. எண்ணெய்த் தொட்டிக்கு ரிவிட் விட்டத்தைப்போல் மூன்றரை மடங்கு இடைவெளி. தண்ணீர் புகாத மூட்டுக்கு நாலரை, ஐந்து மடங்கு. விலாச் சட்டத்தைத் தகட்டோடு சேர்க்க ஏழு மடங்கு வரை போகலாம். தண்ணீர் நிற்கும் இடத்தில் எண்ணெய் நிற்காது, கசிந்துவிடும். அதனால்தான் எண்ணெய்க் கப்பல் வேலை என்றாலே நெருக்கமான வரிசை, கூடுதல் உழைப்பு. அடித்து முடிந்ததும் தகட்டின் ஓரத்தைக் காக்கிங் உளியால் அடித்து அடுத்த தகட்டோடு இறுக்குவார்கள். அதுவும் தனித் தொழில், தனி ஆட்கள்.

பிறகு சோதனை. கண்ணால் பார்க்கும் சோதனைக்கு மதிப்பில்லை. சர்வேயர் ஒரு சிறிய சுத்தியோடு வருவார். தலையின் ஒரு பக்கத்தில் விரலை, பாதி ரிவிட்டிலும் பாதி தகட்டிலும் படும்படி வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் லேசாகத் தட்டுவார். இறுகிய ரிவிட் தகட்டோடு சேர்ந்து ஒன்றாக அதிரும். தளர்ந்ததில் தலை மட்டும் தனியே நடுங்குவது விரலுக்குத் தெரியும். காது போன எங்கள் மண்டோர், விரலை வைத்தே சர்வேயருக்கு முன்னால் போய்க் கெட்டதற்கெல்லாம் சுண்ணக்கட்டியால் குறி போட்டு வைத்துவிடுவார். சர்வேயர் அதற்குமேல் கண்டுபிடித்தது அபூர்வம்.

டைட்டானிக்கைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கப்பலின் நடுப்பகுதியில் ஹைட்ராலிக் மெஷினால் எஃகு ரிவிட் அடித்தார்கள். மெஷின் நுழைய முடியாத முன்புறத்திலும் பின்புறத்திலும் கையால் தேனிரும்பு ரிவிட் அடித்தார்கள். கடலடியிலிருந்து எடுத்த தேனிரும்பு ரிவிட்டுகளை ஆராய்ந்த அமெரிக்க உலோகவியலாளர் டிம் ஃபோக்கே, அவற்றில் கசடு அதிகமாக இருந்ததை 1998இல் எழுதினார். பனிப்பாறை உரசியது முன்புறத்தில். மோதலுக்கு ரிவிட் காரணமில்லை. ஆனால் தலைகள் தெறித்து மூட்டுகள் திறந்திருக்கும் என்ற அவருடைய கருத்து, தொழில் செய்தவன் காதுக்குச் சரியாகவே படுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் ரிவிட் அடிப்பதில் வேகப் போட்டிகளும் நடந்தன. 1918இல் பெல்ஃபாஸ்டில் ஜான் மோயர் 9 மணி நேரத்தில் 11,209 ரிவிட் அடித்துப் பெயர் வாங்கினார். அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம், உள்ளே அத்தனை தலைகளையும் தாங்கிய ஆளின் பெயரும் அச்சாகியிருக்கலாம் என்று தோன்றும்.

வெல்டிங் வந்ததும் ரிவிட் ஒரே நாளில் செத்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்படி நடக்கவில்லை. முழுக்க வெல்டிங்கால் கட்டிய ஃபுல்லகர் என்ற கப்பல் 1920லேயே பிரிட்டனில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களை வெல்டிங்கால் கட்டிக் குவித்தது. அந்த நாட்களில்தான், 1943 ஜனவரியில், போர்ட்லண்டில் கட்டுத்துறையில் அசையாமல் நின்ற ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் குளிரில் நடுவே பிளந்தது. வெல்டிங் செய்த உடல் ஒரே தகடு மாதிரி. விரிசல் ஓரிடத்தில் தொடங்கினால் தடுக்க ஆளில்லை. ரிவிட் மூட்டில் தகடு அங்கேயே முடிகிறது. விரிசலும் அங்கே நின்றுவிடும். எனவே வெல்டிங் கப்பல்களிலும் மேல்தளமும் பக்கத்தகடும் சேரும் ஓரத்தில் ரிவிட் வரிசையை வேண்டுமென்றே வைத்துக் கட்டினார்கள். நல்ல எஃகு வந்த பிறகே அது தேவையில்லாமல் போனது. எங்கள் குழு எழுபதுகள்வரை சோறு தின்றதற்கு அந்த வரிசைகளும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த முந்தைய தலைமுறைக்கு ரஜுலா கப்பலை மறக்க முடியாது. 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் மேல்தளத்தில் படுத்து வந்த என் தந்தை போன்ற ஆயிரமாயிரம் பேரைச் சுமந்ததும் இதே ரிவிட் தலைகள்தான். எழுபதுகளில் அதை உடைத்துவிட்டார்கள். இன்று தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பிந்தான் தீவுக்குப் போகலாம். 1914இல் அமெரிக்காவில் மெதினா என்ற பெயரில் கட்டி, டூலோஸ் என்ற பெயரில் 2009 வரை கடலில் ஓடிய கப்பல், அங்கே கரையேற்றி விடுதியாக நிற்கிறது. பேரனோடு போயிருந்தேன். எல்லோரும் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் உடம்போடு ஒட்டி நின்று, பெயிண்டுக்கு அடியில் முனைகளை விரலால் தேடிக்கொண்டிருந்தேன்.

பழைய கப்பலையும் பழைய இரும்புப் பாலத்தையும் காப்பாற்ற முன்வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளர்ந்த ரிவிட்டைச் சுற்றி வெல்டிங் வைக்காதீர்கள். அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் நல்ல ரிவிட்டுகளையும் தளர்த்திவிடும். போல்ட்டை முடுக்கி அதன் மேல் அரை உருண்டைத் தலையை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு ரிவிட்டை வெட்டும் முன் அதன் தலை வடிவம், கழுத்து, முனை, விட்டம், துளை குத்தியதா துரந்ததா, இடைவெளி எவ்வளவு என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வெட்டியெடுத்ததில் ஒன்றை நெடுக்காக அறுத்துப் பாருங்கள்; துளையை நிரப்பியிருக்கிறதா என்று அதுவே சொல்லும். உங்கள் வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவராக இருந்து, பரணில் குழிந்த வாயுள்ள எஃகுத் துண்டோ வளைந்த கனத்த கம்பியோ கிடந்தால், அது ஸ்னாப்பும் டாலியுமாக இருக்கலாம். காயலான் கடைக்குப் போடாமல் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். அதைப் பிடித்தவர் இன்னும் உயிரோடு இருந்தால், எப்படிப் பிடித்தார் என்பதை அவர் கையில் கொடுத்தே படம்பிடித்து வையுங்கள்.